கேளுங்க சொல்றேன்: காணாம போயி காணாம போயி வர்ற யூஎஸ்பி நெட்

இந்த மாசம் மூட்டையை அவுத்தா முக்கால்வாசி லெட்டர் ஒரே விஷயம்தான். இப்ப வர்ற நிறைய லேப்டாப்புல லேன் போர்ட்டே வைக்கிறதில்ல, பழைய டெஸ்க்டாப்புல இருந்த போர்ட்டெல்லாம் மழைக்கும் இடிக்கும் போய்ச்சேர்ந்துடுச்சு, அதனால எல்லாரும் யூஎஸ்பில ஒரு நெட் அடாப்டரை குத்திட்டு உக்காந்திருக்கோம், அது நல்லா ஓடிட்டே இருக்கும்போது திடீர்னு போயிடுது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டின்னு விண்டோஸுக்கு பதிலா போடுற யூனிக்ஸ் ரக ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாத்துலயும் இதே புலம்பல். அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே குடுத்தாச்சு, பிரிண்டர் கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்ல எழுதறேன், டைப் அடிக்கும்போது நீங்க இங்கிலீஷ்ல போட்டுக்கோங்க.

கோத்தகிரி வாசகர் ஒருத்தர்: அண்ணே வணக்கம். இங்க பச்சைத் தேயிலை கொள்முதல் பண்ற ஆபீஸ் ஒண்ணுல கணக்கு பார்க்கிறேன். பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல ஃப்ரீபிஎஸ்டி போட்டு ஃபைல் சர்வரா வெச்சிருக்கோம். எடை போடுற ஷெட்டுல இருந்து ஆபீஸுக்கு லேன் கேபிள் வெளியிலதான் தொங்குது, போன மழையில இடி விழுந்து மதர்போர்டுல இருந்த லேன் போர்ட் போயிடுச்சு, அதுல இருந்து யூஎஸ்பி அடாப்டர்தான். பகல் முழுக்க ஒரு குறையும் இல்ல, சாயங்காலம் ஏழு மணி ஆச்சுன்னா நெட் போயிடுது. யூஇ0 (அடாப்டருக்கு சிஸ்டம் வெச்ச பேரு) காணாம போயி ரெண்டு மூணு செகண்டுல திரும்ப வந்துடுது, ஆனா ஐபி அட்ரஸ் வர்றதில்ல, நான்தான் போயி அதைப் போடுற ஐஎஃப்கான்ஃபிக் கமாண்டை அடிக்கணும். ஏழு மணிக்கு ஊரே கெய்சரும் ஹீட்டரும் போடுறதால லோ வோல்டேஜ் ஆகுது, அதனாலதான்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். சிஸ்டம் யூபிஎஸ்லதான் இருக்கு. அடாப்டரையும் பேக்கப் எடுக்கிற போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு நாலு போர்ட் ஹப்புல குத்தி முன்பக்க போர்ட்டுல விட்டிருக்கேன். ஸ்டெபிலைசர் வாங்கிடலாமா? சிஸ்டம் நடந்ததை எழுதி வைக்கிற லாகையும், எந்த நேரத்துக்கு எந்த வேலைன்னு குறிச்சிருக்கிற கிரான்டாபையும் அனுப்பிருக்கேன்.

பதில்: ஸ்டெபிலைசர் காசை அப்படியே வெச்சிருங்க தம்பி. லாகையும் கிரான்டாபையும் சேர்த்து அனுப்பினீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு டீயும் வர்க்கியும் வாங்கித் தரலாம், நூத்துக்கு தொண்ணூறு பேர் "நெட் போகுது, என்ன பண்றது"ன்னு ஒத்தை வரியில எழுதிட்டு விட்டுடறாங்க.

நெட் போறதுன்னு பொதுவா சொல்றோம், ஆனா அது மூணு விதமா போகும், மூணுக்கும் காரணம் வேற வேற. எது போச்சுன்னு தெரியாம டிரைவரை மாத்துறது, கேபிளை மாத்துறது, கடைசியில ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மாத்துறதுன்னு போனா நேரம்தான் வீணாகும். போன அந்த நிமிஷத்துல லாக் என்ன சொல்லுதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான். டெர்மினல்ல டெயில் மைனஸ் எஃப் போட்டு வார் லாக் ஃபோல்டர்ல இருக்கிற மெசேஜஸ் ஃபைலை ஓட விட்டுட்டு உங்க வேலையைப் பாருங்க. லினக்ஸ்காரங்க டிமெசேஜ் மைனஸ் டபிள்யூ போட்டுக்கலாம், டி எம் இ எஸ் ஜின்னு எழுதுவாங்களே அதுதான்.

முதல் விதம், அடாப்டரே யூஎஸ்பில இருந்து கழண்டு விழறது. யாரோ கையால பிடுங்கின மாதிரியே லாக்ல வரும், ஃப்ரீபிஎஸ்டில "யூஜென்0.4 ... டிஸ்கனெக்டட்", "யூஇ0 டிடாச்ட்", லினக்ஸ்ல "யூஎஸ்பி டிஸ்கனெக்ட்". இது வந்தா லேன் கேபிளையோ ரூட்டரையோ தொடவே வேண்டாம். கரண்டு பத்தல, இல்ல போர்ட்டு லூசு, இல்ல நடுவுல இருக்கிற ஹப்போ எக்ஸ்டென்ஷன் கேபிளோ மோசம்.

ரெண்டாவது, அடாப்டர் அங்கேயே இருக்கு, லிங்க் மட்டும் போகுது. "லிங்க் ஸ்டேட் சேஞ்ச்ட் டு டவுன்"னு ஒரு வரி, கொஞ்ச நேரத்துல "அப்"னு ஒரு வரி. லினக்ஸ்ல ரியல்டெக் டிரைவர் இதையே "கேரியர் ஆஃப்", "கேரியர் ஆன்"னு சொல்லும். யூஎஸ்பி மேல தப்பே இல்ல. லேன் கேபிள், அதோட கிளிப்பு உடைஞ்ச தலை, ஸ்விட்ச்சு, ஸ்விட்ச்சோட குட்டி பவர் அடாப்டர், இதுல ஒண்ணு. உங்க எலக்ட்ரீஷியன் சொன்ன லோ வோல்டேஜ் கதை இங்க பொருந்தும், ஏன்னா சிஸ்டத்தை யூபிஎஸ்ல போட்டுட்டு ஸ்விட்ச்சையும் ரூட்டரையும் சுவத்து பிளக்குல நேரா விட்டிருப்பாங்க, விளக்கு லேசா மங்கும்போது ஸ்விட்ச் ஒரு தடவை செத்துப் பிழைக்கும், ஆனா சிஸ்டத்துக்கு ஒண்ணுமே தெரியாது.

மூணாவதுதான் பேஜார். அடாப்டர் இருக்கு, லிங்க் இருக்கு, பச்சை லைட் மினுக்குது, ஆனா பிங் (எதிர்ப்பக்கம் பதில் வருதான்னு பார்க்கிற கமாண்ட்) போகாது. லாக்ல ஒண்ணுமே இருக்காது, இல்ல லினக்ஸ்ல "டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்"னு வரும். இது சிப்போ டிரைவரோ மாட்டிக்கிட்ட கேஸ். டிரைவரைத் திட்டணும்னா இங்க மட்டும்தான் திட்டலாம்.

உங்களுது முதல் விதம். லாக்ல டிஸ்கனெக்டட்னு தெளிவா இருக்கு, நேரம் 19:00:04. நாலு நாளுக்கு அனுப்பிருக்கீங்க, நாலு நாளும் 19:00:03, 04, 04, 05. ஊர்க்காரங்க கெய்சர் போடுறது இப்படி செகண்டு பிசகாம நடக்குமா? இப்ப கிரான்டாபை எடுத்துப் பாருங்க. பூஜ்யம், பத்தொன்பது, மூணு நட்சத்திரம், அதுக்குப் பக்கத்துல பேக்கப் ஸ்கிரிப்ட். அதாவது தினமும் சரியா ஏழு மணிக்கு பேக்கப் ஆரம்பிக்குது. பகல் முழுக்க தூங்கிட்டு இருந்த ஹார்ட் டிஸ்க் அப்பதான் எழுந்து சுத்த ஆரம்பிக்கும், சுத்த ஆரம்பிக்கிற அந்த ஒரு ரெண்டு செகண்டுதான் டிஸ்க் அதிகமா கரண்டு இழுக்கிற நேரம். பக்கத்து போர்ட்டுல இருக்கிற அடாப்டருக்கு வோல்டேஜ் இறங்கி அது மயக்கம் போட்டு விழுது, டிஸ்க் சுத்தி நிதானமானதும் எழுந்திருக்குது. லோ வோல்டேஜ்னு எலக்ட்ரீஷியன் சொன்னது ஒரு வகையில சரிதான், ஆனா அது ஈபி லைன்ல இல்ல, உங்க ஹப்புக்குள்ள.

கணக்கு போட்டுப் பாருங்க. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒண்ணு குடுக்கிறது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டுன்னா 900. தனி பவர் அடாப்டர் இல்லாத ஹப்பு அந்த ஒரு போர்ட்டுல வர்றதைத்தான் தானும் தின்னுட்டு மத்தவங்களுக்கும் பங்கு வைக்கணும், 2.0 விதிப்படி அதுல ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் உரிமை. போர்ட்டபிள் டிஸ்க் ஒண்ணே மொத்தத்தையும் கேக்கும், கிகாபிட் அடாப்டரும் சும்மா இருக்கிற ஆள் இல்ல. யூஎஸ்பிகான்ஃபிக்னு சும்மா அடிச்சீங்கன்னா ஒவ்வொரு டிவைஸுக்கும் ஒரு வரி வரும், கடைசியில பிராக்கெட்டுக்குள்ள எத்தனை மில்லி ஆம்பியர் கேக்குதுன்னு போட்டிருக்கும், அதையும் இதையும் கூட்டிப் பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வரும். அதே வரியில எஸ்பிடின்னு ஸ்பீடும் இருக்கும், சூப்பர்னா 5 கிகாபிட், ஹைன்னா 480 மெகாபிட், ஃபுல்னா வெறும் 12. ஃபுல்னு பேரு வெச்சவனை ஒருநாள் பார்க்கணும்.

செய்ய வேண்டியது, அடாப்டரை ஹப்புல இருந்து எடுத்து டெஸ்க்டாப்போட பின்பக்க போர்ட்டுல நேரா குத்துங்க. பின்பக்க போர்ட்டு மதர்போர்டுலயே சாலிட்டர் பண்ணினது, முன்பக்கத்துல இருக்கிறது கேபினெட்டுக்குள்ள ஒரு ஒல்லி ஒயர்ல வர்றது, அந்த ஒயரை நம்பி சர்வர் ஓட்டாதீங்க. டிஸ்க்கை பின்பக்கத்துலயே வேற போர்ட்டுல குத்துங்க, இல்லன்னா தனி பவரோட வர்ற ஹப்பு வாங்குங்க. சந்தேகம் தீரணும்னா ஏழு மணி வரை காத்திருக்கவும் வேண்டாம், டிஸ்க் நல்லா தூங்கின பிறகு அதுல ஒரு ஃபைலை காப்பி பண்ணுங்க, பழைய இடத்துல இருந்தா நெட் விழும், புது இடத்துல விழாது.

அடுத்து ஐபி திரும்ப வராத கதை. நீங்க ஐஎஃப்கான்ஃபிக்கை கையால அடிக்கிறீங்க, அது அந்த நேரத்துக்கு மட்டும்தான். அடாப்டர் கழண்டு விழுந்தா யூஇ0ங்கிற இன்டர்ஃபேஸே அழிஞ்சு போகுது, திரும்ப வர்றது அதே பேர்ல புதுசா பொறந்த ஒண்ணு, அதுக்கு பழசு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. எட்ஸி ஃபோல்டர்ல இருக்கிற ஆர்சி டாட் கான்ஃப் ஃபைல்ல ஐஎஃப்கான்ஃபிக் அண்டர்ஸ்கோர் யூஇ0ன்னு ஒரு வரி எழுதி, சமம் போட்டு, மேற்கோளுக்குள்ள ஐநெட், உங்க ஐபி, நெட்மாஸ்க் எல்லாம் குடுங்க, ரூட்டரே ஐபி குடுக்கிற டிஹெச்சிபின்னா அந்த நாலெழுத்து போதும். டெவ்டின்னு ஒருத்தன் பின்னாடி சும்மா உக்காந்திருக்கான், டிவைஸ் வந்து சேர்ந்ததும் இந்த வரியைப் படிச்சு அவனே ஐபி போட்டுடுவான். இதைப் பண்ணினா அடாப்டர் என்னைக்காவது விழுந்தாலும் நீங்க வீட்ல இருந்து ஓடி வர வேண்டாம்.

அப்புறம் அந்த இடி. எடை போடுற ஷெட்டுல இருந்து ஆபீஸுக்கு லேன் கேபிள் வெளியில தொங்குதுன்னு எழுதிருக்கீங்க. அந்தக் கேபிள் இருக்கிற வரை உங்க மதர்போர்டுக்கு நடந்தது அடாப்டருக்கும் நடக்கும். ரெண்டு கட்டிடத்துக்கு நடுவுல காப்பர் ஒயர் வெளியில போகக்கூடாது, ஃபைபர் இழுத்து ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் போடுங்க, கண்ணாடி இழையில கரண்டு பாயாது. அதுவரைக்கும் வானம் இருட்டினா ஷெட்டுக்குப் போற கேபிளை ஸ்விட்ச்சுல இருந்து கழட்டி வைங்க.

ஊட்டி, கல்லூரி மாணவி: சார், லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப். உள்ள இருக்கிற வைஃபை கார்டு போயிடுச்சுன்னு குட்டியா ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். நல்லா வேலை செய்யுது, ஆனா பக்கத்துல இருக்கிற நீல கலர் போர்ட்டுல ஹார்ட் டிஸ்க் மாட்டி படம் காப்பி பண்ண ஆரம்பிச்சா நெட் படுத்துடுது. காப்பி முடிஞ்சா வந்துடுது, டிமெசேஜ்ல டிஸ்கனெக்ட்னு எதுவும் வரல. ஹாஸ்டல் வைஃபை சிக்னல் ஏற்கனவே ரெண்டு கோடுதான். இதுவும் கரண்டு பிரச்சினையா?

பதில்: இல்லம்மா, இது வேற. டிமெசேஜ்ல டிஸ்கனெக்ட்னு வரலன்னு நீயே எழுதிருக்க, டாங்கிள் விழல, அதுக்கு காது கேக்கல. நீ சொல்ற நீல கலர் போர்ட்டு யூஎஸ்பி 3.0, அது ஓடுற வேகம் 5 கிகாபிட், அந்த வேகத்துல ஒயர்லயும் கனெக்டர்லயும் டேட்டா ஓடும்போது சுத்தி ஒரு இரைச்சல் கிளம்பும், அது நேரா வந்து விழறது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிற இடத்துல. இதை 2012லயே இன்டெல் கம்பெனி அளந்து பார்த்து அறிக்கையா வெளியிட்டாங்க, வயர்லெஸ் மவுஸ் திக்கறதுகூட இதனாலதான். டிஸ்க்கும் டாங்கிளும் ஒரு இஞ்சு தள்ளி பக்கத்து பக்கத்துல இருக்கு, காதுக்குள்ள யாரோ மிக்ஸி ஓட்டினா தூரத்துல கூப்பிடுறவங்க குரல் எப்படி கேக்கும்? ரெண்டு கோடு சிக்னலுக்கு அதுவே போதும் சாகறதுக்கு.

ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை டிஸ்க்கைவிட்டு தள்ளி ஜன்னலோரமா வை. கோத்தகிரி தம்பிகிட்ட நடுவுல எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டு உன்கிட்ட எக்ஸ்டென்ஷன் வாங்கச் சொல்றேனேன்னு கேக்காத, அங்க கரண்டு போகணும், இங்க இரைச்சல்கிட்ட இருந்து தப்பிக்கணும். இல்லன்னா டிஸ்க்கை கருப்பு கலர் 2.0 போர்ட்டுக்கு மாத்து, காப்பி மெதுவா ஆகும், நெட் நிக்கும். ஹாஸ்டல் ரூட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸும் இருந்து உன் டாங்கிளும் அதை பிடிக்கும்னா அதுக்கு மாறிடு, ஆனா ரெண்டு கோடுன்னு சொல்ற தூரத்துக்கு 5 வந்து சேருமாங்கிறது சந்தேகம்தான்.

கூடலூர், பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கவர்: ஒரே கடையில ஒரே மாதிரி நாலு நீல கலர் யூஎஸ்பி லேன் அடாப்டர் மலிவா கிடைச்சுதுன்னு வாங்கிட்டேன். ஒரு சிஸ்டம் மட்டும் ஆன்ல இருந்தா பிரச்சினையே இல்ல. ரெண்டாவதை ஆன் பண்ணினா ரெண்டுலயும் நெட் விட்டு விட்டு வருது. நாலு அடாப்டரும் டிஃபெக்ட்டா?

பதில்: நாலுலயும் ஐஎஃப்கான்ஃபிக் அடிச்சு, இல்லன்னா லினக்ஸ்ல ஐபி லிங்க் அடிச்சு, ஈதர்னு போட்டிருக்கிற பன்னெண்டு எழுத்து நம்பரை பேப்பர்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுங்க. நாலும் ஒண்ணா இருக்கும்னு அடிச்சு சொல்றேன். அதுதான் மேக் அட்ரஸ், உலகத்துல ஒவ்வொரு அடாப்டருக்கும் தனித்தனியா இருக்க வேண்டியது, மலிவு சரக்குல ஒரே நம்பரை எல்லாத்துலயும் குத்தி அனுப்பிடுறாங்க. ஒரே தெருவுல நாலு வீட்டுக்கும் ஒரே கதவு எண் போட்டா தபால்காரர் என்ன பண்ணுவார், கடைசியா யார் கதவைத் திறந்தாங்களோ அவங்ககிட்ட குடுத்துட்டுப் போவார். ஸ்விட்ச்சும் அதையேதான் பண்ணுது.

மேக்கை நீங்களே மாத்திக்கலாம். முதல் ஜோடி எழுத்து 02ன்னு ஆரம்பிக்கட்டும், அது உள்ளூர்ல நாமளே வெச்சுக்கிற நம்பருக்குன்னு ஒதுக்கினது, யாரோடயும் மோதாது. மிச்சம் அஞ்சு ஜோடியை இஷ்டத்துக்கு வைங்க, நாலு சிஸ்டத்துக்கும் நாலு விதமா இருந்தா போதும். ஃப்ரீபிஎஸ்டில ஐஎஃப்கான்ஃபிக் யூஇ0 ஈதர்னு போட்டு நம்பர், லினக்ஸ்ல நெட்வொர்க் மேனேஜர் செட்டிங்ஸ்லயே குளோன்ட் மேக்னு ஒரு கட்டம் இருக்கு.

அது சரியானாலும் ஸ்பீடு எதிர்பார்க்காதீங்க. லினக்ஸ்ல எல்எஸ்யூஎஸ்பி மைனஸ் டி அடிச்சுப் பாருங்க, அடாப்டர் பக்கத்துல 480எம்முக்கு பதிலா 12எம்னு இருந்தா அது பழைய யூஎஸ்பி 1.1 சிப், பெட்டியில என்ன போட்டிருந்தாலும் சரி. வாடகைக்கு உக்கார்ற கஸ்டமர்கிட்ட அதைக் குடுத்தா உங்க பேரு கெடும்.

குன்னூர், வீட்ல இருந்து வேலை பார்க்கும் வாசகி: உபுண்டு லேப்டாப், டைப் சி டாக்ல (ஒரே ஒயர்ல பல போர்ட் தர்ற பெட்டி) ரியல்டெக் 8153 அடாப்டர். மீட்டிங்ல பேசிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது, எழுந்து போயி பத்து நிமிஷம் டீ போட்டுட்டு வந்தா நெட் செத்துக் கிடக்குது. பேட்டரி நிறைய நேரம் நிக்கணும்னு டிஎல்பி போட்டிருக்கேன்.

பதில்: கேள்வியோட கடைசி வரியில நீங்களே பதிலையும் எழுதிட்டீங்க. பேட்டரி சேமிக்கிறேன்னு டிஎல்பி, பவர்டாப் மாதிரி டூலெல்லாம் சும்மா இருக்கிற யூஎஸ்பி டிவைஸை தூங்க வெச்சுடும், எவ்வளவு நேரம் சும்மா இருந்தா தூங்கணும்ங்கிறது கெர்னல்ல, அதாவது லினக்ஸோட மையப் பகுதியில, டீஃபால்ட்டா 2 செகண்டுதான். தூங்குறது தப்பில்ல, ஒழுங்கா எழுந்திருக்கணும், சில அடாப்டரும் சில டாக்கும் எழுந்திருக்காது. எல்எஸ்யூஎஸ்பில உங்க அடாப்டரோட ஐடி 0பிடிஏ:8153ன்னு காட்டும், அதை டிஎல்பி கான்ஃப் ஃபைல்ல யூஎஸ்பி டினைலிஸ்ட்னு இருக்கிற வரியில போட்டு டிஎல்பியை ரீஸ்டார்ட் பண்ணுங்க, அதை மட்டும் தூங்க விடாது, மத்ததெல்லாம் வழக்கம்போல தூங்கும். டிஎல்பியையே தூக்கி எறிய வேண்டாம். யூஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்ட் மைனஸ் 1னு கெர்னல் வரியில போடச் சொல்லி பக்கத்து வீட்டு பையன் சொல்லுவான், அதுவும் வேலை செய்யும்தான், ஆனா எலிக்கு பயந்து வீட்டைக் கொளுத்துற மாதிரி.

அதுக்கப்புறமும் வந்தா டிமெசேஜ்ல "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் மைனஸ் 71"னு இருக்கான்னு பாருங்க. 71ன்னா பேசுறது குழறுதுன்னு அர்த்தம், 110ன்னா கூப்பிட்டா பதிலே இல்லைன்னு அர்த்தம், ரெண்டும் வந்தா டாக்கோட கேபிள் மேலயோ டைப் சி ஓட்டை மேலயோதான் முதல் சந்தேகம், அடாப்டரை நேரா லேப்டாப்புல குத்திப் பார்த்துடுங்க.

மஞ்சூர்: கேபிள் நெட் எங்க ஊருக்கு வரல. போனை யூஎஸ்பில மாட்டி டெதரிங் போட்டு, அதாவது போன் நெட்டையே சிஸ்டத்துக்கு எடுத்துதான் ஃப்ரீபிஎஸ்டி ஓட்டுறேன். ஒயர் லேசா அசைஞ்சாக்கூட நெட் போயிடுது, திரும்ப போன்ல போயி டெதரிங்கை ஆன் பண்ண வேண்டியிருக்கு. தொல்லையா இருக்கு.

பதில்: கடையில சார்ஜிங்குக்குன்னு விக்கிற ஒல்லி ஒயரை வீசிட்டு போனோட வந்த ஒயரைப் போடுங்க. ஆண்ட்ராய்டுல ஒயர் ஒரு தடவை விட்டுப் பிடிச்சா டெதரிங் தானா ஆஃப் ஆயிடும், அது சிஸ்டத்தோட தப்பு இல்ல. போன் செட்டிங்ஸ்ல டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து டீஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன்ங்கிறதை யூஎஸ்பி டெதரிங்னு மாத்தி வைங்க, மாட்டினதும் தானே வந்துடும். யூஆர்என்டிஐஎஸ் டிரைவர் அதை யூஇ0வா காட்டும், ஆர்சி டாட் கான்ஃப்ல டிஹெச்சிபி வரி இருக்கட்டும், கோத்தகிரிக்கு சொன்னதேதான். போனை மடியில வெச்சுக்காம சிக்னல் நல்லா வர்ற ஜன்னல் திட்டுல அசையாம வெச்சுட்டு அதுக்கேத்த நீளத்துல ஒயர் வாங்குங்க.

கொடைக்கானல், ஹோம்ஸ்டே நடத்துறவர்: காலையில நெட் வராது. அடாப்டரைப் பிடுங்கி ஊதிட்டு மாட்டினா வந்துடுது. பத்து மணிக்கு மேல ஊத வேண்டியதே இல்ல. டிரைவரை அப்டேட் பண்ணணுமா?

பதில்: ஊதாதீங்க! உங்க வாய்ல இருந்து போறது ஈரக்காத்து, ஏற்கனவே மஞ்சுல நனைஞ்சதுக்கு இன்னும் தண்ணி விடுறீங்க. ஊதுறதால சரியாகல, பிடுங்கி மாட்டும்போது காண்டாக்ட் ஒண்ணோட ஒண்ணு உரசுது பாருங்க, அதனாலதான் சரியாகுது. ராத்திரி முழுக்க ஜன்னல் பக்கத்துல ஜில்லுனு கிடந்த பெட்டிமேல காலையில ரூம்ல ஹீட்டர் போட்டதும் தண்ணி முத்து முத்தா கோக்கும், கண்ணாடி போட்டவங்க வெளியில இருந்து உள்ள வந்தா கண்ணாடி மங்குமே அதேதான். நாளாக நாளாக காண்டாக்ட்ல பாசி மாதிரி பிடிச்சுக்கும். மெடிக்கல் ஷாப்புல கிடைக்கிற ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை பழைய டூத்பிரஷ்ல தொட்டு சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு போர்ட்டையும் அடாப்டர் தலையையும் தேய்ங்க, நல்லா காயட்டும். சிஸ்டத்தை ஜன்னல்ல இருந்து உள்சுவத்துப் பக்கம் தள்ளி வைங்க. டிரைவர் பாவம், அதுக்கு பனி காலம் வெயில் காலம் எல்லாம் தெரியாது.

குன்னூர், பேர் போட விருப்பமில்லாதவர்: இதே அடாப்டர் விண்டோஸ்ல சும்மா பறக்குது. யூனிக்ஸ்காரங்க எதுக்கு இந்த வேலை?

பதில்: நீங்க வம்புக்கு எழுதினாலும் இதுல ஒரு நல்ல டெஸ்ட் இருக்கு. அதே சிஸ்டம், அதே போர்ட், அதே கேபிள், ஒருநாள் முழுக்க விண்டோஸ்ல ஓடி ஒரு தடவைகூட விழலன்னா கரண்டு, ஒயர் மேல பழி போட முடியாது, நான் மூணாவது விதம்னு சொன்ன டிரைவர் கேஸ்தான். வேற சிஸ்டத்துல ஓட்டிப் பார்த்துட்டு பேசுனா அது டெஸ்ட்டே இல்ல.

அப்படி நிஜமாவே டிரைவர்தான்னா பார்க்க வேண்டியது எந்த டிரைவர் பிடிச்சிருக்குங்கிறது. ரியல்டெக் 8153 சிப்புக்குள்ள ரெண்டு முகம் இருக்கு, ஒண்ணு ரியல்டெக்கோட சொந்த முகம், இன்னொண்ணு எந்த சிஸ்டத்துக்கும் பொருந்துற பொது முகம். ஃப்ரீபிஎஸ்டில சொந்த முகத்தைப் பிடிக்கிறது யூஆர்இ டிரைவர், சில நேரம் அதுக்கு முன்னாடி சிடிசிஇங்கிற பொது டிரைவர் பாய்ஞ்சு பிடிச்சுக்கும், ஓடும், ஆனா நொண்டும். டிமெசேஜ்ல யூஇ0 மேல இருக்கிற வரியில எந்த பேரு இருக்குன்னு பாருங்க. சிடிசிஇன்னு இருந்தா, சிஸ்டம் பூட் ஆகும்போது படிக்கிற லோடர் டாட் கான்ஃப் ஃபைல்ல ஐஎஃப் அண்டர்ஸ்கோர் யூஆர்இ அண்டர்ஸ்கோர் லோட், சமம், மேற்கோளுக்குள்ள யெஸ்னு போட்டு ரீபூட் பண்ணுங்க. யூஆர்இயே பிடிச்சிருந்தும் மாட்டிக்குதுன்னா ஐஎஃப்கான்ஃபிக்ல ஆர்எக்ஸ்செக்சம், டிஎக்ஸ்செக்சம் ரெண்டுக்கும் முன்னாடி மைனஸ் போட்டு ஆஃப் பண்ணிப் பாருங்க, சிப்பு பண்ற கணக்கை சிபியு பண்ணும், நம்ம ஸ்பீடுக்கு அது ஒரு சுமையே இல்ல. மாட்டிக்கிட்ட நேரத்துல பிடுங்கி மாட்ட சோம்பேறித்தனமா இருந்தா யூஎஸ்பிகான்ஃபிக் மைனஸ் டி, யூஜென் நம்பர், ரீசெட், அவ்வளவுதான்.

ஃப்ரீபிஎஸ்டி யூஎஸ்பி இப்ப இருக்கிற இந்த நிலைக்கு வந்ததே 2009ல 8.0 வந்தப்பதான், ஹான்ஸ் பெட்டர் செலாஸ்கிங்கிற நார்வேக்காரர் பழையதை ஓரம் கட்டிட்டு புதுசா எழுதிக் குடுத்தார். அதுக்கு முன்னாடி பென்டிரைவை பிடுங்கினா சிஸ்டமே படுத்த காலத்தை எல்லாம் பார்த்தவன் நான், அதனால இப்ப எனக்கு இதெல்லாம் சொர்க்கம்.

அரவங்காடு: கடைசியா எந்த அடாப்டர்தான் வாங்குறது? ஒரு பேரு சொல்லுங்க.

பதில்: கம்பெனி பேரை வெச்சு வாங்காதீங்க, உள்ள இருக்கிற சிப்பை வெச்சு வாங்குங்க. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பெட்டி, போன வருஷம் ஒரு சிப்பு இந்த வருஷம் வேற சிப்பு, ஓரத்துல குட்டியா வி2ன்னு மட்டும் போட்டிருப்பாங்க. ஒயர் நெட்டுக்கு ரியல்டெக் 8153, இல்லன்னா ஏசிக்ஸ் 88179, ரெண்டுக்கும் லினக்ஸ்லயும் பிஎஸ்டியிலயும் டிரைவர் கூடவே வருது. வைஃபை டாங்கிள்ல கொஞ்சம் உஷாரா இருங்க, மாட்டினதும் சிடி டிரைவ் மாதிரி வேஷம் போட்டு விண்டோஸ் டிரைவரை நீட்டுற ரகம் நிறைய வருது, அதை எஜெக்ட் பண்ணினாதான் உள்ள இருக்கிற வைஃபை வெளிய வரும். டெஸ்க்டாப்புல காலி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தா யூஎஸ்பியே வேண்டாம், உள்ள ஒரு லேன் கார்டு போட்டுட்டு நிம்மதியா இருங்க, கோத்தகிரி தம்பியும் முடிஞ்சா அதையே பண்ணலாம்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் லேப்டாப்பை கையில எடுத்துட்டுப் போங்க. குத்திப் பார்த்து எல்எஸ்யூஎஸ்பில ஐடி பார்த்துட்டு காசு குடுங்க. பெட்டியைப் பிரிக்க விடமாட்டேன்னு கடைக்காரர் சொன்னா திருப்பி எடுத்துப்பீங்களான்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கோங்க, இல்லன்னா இதுக்காக ரெண்டாவது தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறணும்.